நடுக்குரலும் மற்ற மூன்றும்

லீவன் போன கோடையில் பரவிய காய்ச்சலில் இறந்துபோனான். ப்ரூஜ் நகரத்து மீன்சந்தை மாதா கோயிலில் பதினாறு வருடம் பாடகர் தலைவனாக இருந்தவன். அந்த வேலை அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று முழுதும் தெரிந்தவன், அப்போது தலைமைக் குருவாக இருந்த பெரிய சாமியாரும் போய்ச் சேர்ந்தபின், நான் ஒருவன்தான்.

முதலில் அவனைத் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தித் திருநாளுக்கு அவன் எழுதும் புதுப் பூசைப்பாட்டு பெரிய சாமியாருக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால் அண்ணனுடைய தோல் பதனிடும் கொட்டகைக்கே திரும்ப வேண்டும். அந்த நாற்றத்தில் பன்னிரண்டு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததால்தான் தனக்குப் பாட்டு வந்தது என்பான்.

பெரிய சாமியார் பாரிசிலிருந்து வந்தவர்; இந்த ஊர்ப் பாட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது. வந்த அன்றே சொல்லிவிட்டார்: "கோயிலுக்குள்ள தெருப்பாட்டு வரக்கூடாது. வந்தா, எழுதினவனும் வெளியே, பாடினவனும் வெளியே."

அப்போது பூசைப்பாட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான். ஏற்கெனவே உள்ள ஒரு மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் ஜவ்வாக இழுத்து, நடுக்குரலுக்குக் கொடுப்பார்கள். மற்ற மூன்று குரல்களும் அதைச் சுற்றி ஓடும். நான் நடுக்குரல். நான் ஒரு சுரத்தை விடுவதற்குள் பக்கத்தில் நிற்பவன் நாலு தடவை மூச்சு வாங்கியிருப்பான்.

ஒத்திகையில் ஆறாவது சுரத்தில் அது எந்த மெட்டென்று பிடிபட்டு எனக்கு வியர்த்துவிட்டது.

"டேய், இது மாவரைக்கிற காத்தாலைக்காரன் பொண்டாட்டி கட்டைச் செருப்பைத் தொலைச்ச பாட்டுடா!"

"மெதுவாப் பேசு, யோஸ்."

"அந்தச் செருப்பு யார் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். அதைக் கொண்டுவந்து பூசையில வெச்சிருக்கியே!"

"நீ ரெண்டாவது அடிக்கு வர்றதுக்குள்ள அவ கிழவியாயிடுவா. அவ்வளவு இழுத்திருக்கேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"வேற மெட்டே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சுது. அதுமேல மத்த மூணு குரலும் இப்படி வந்து உட்காரலை. அந்த மூணையும் கேளேன்டா!"

கேட்டேன். ஆனால் என் மனம் செருப்பிலேயே கிடந்தது.

திருநாளன்று கோயிலில் எல்லோரும் எரியும் மெழுகுவர்த்தியைப் பிடித்திருக்க வேண்டும். நற்கருணை முடியும்வரை அணைக்கக் கூடாது. அந்த வருடம் மெழுகுவர்த்திப் பெட்டியில் பாதியை எலி தின்றுவிட்டது. கோயில்பிள்ளை பாவெல்ஸ் மிச்சத்தை இரண்டிரண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டார்.

நற்கருணைக்கு முன் வரும் 'பரிசுத்தர்' பாட்டை ஆரம்பித்தபோது எல்லோர் கையிலும் கட்டைவிரல் அளவு மெழுகுதான் இருந்தது. எதிரே பெரிய சாமியாரின் விரலில் மெழுகு சொட்டியது. அவர் மற்றக் கையை எங்களைப் பார்த்து ஆட்டினார்: ஓட்டு, ஓட்டு.

பாடகர்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய புத்தகம். அதன்முன் நெருக்கி நின்றிருந்தோம். லீவன் என் தோளில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். சாமியாரைப் பார்த்தான். முகம் வெளுத்தது. இரண்டு மடங்கு வேகமாகத் தட்டினான். சாமியார் "உஸ்" என்று விரலை உதறி மறுபடி கையை ஆட்டினார். நான்கு மடங்கு ஆயிற்று.

இழுவை போய், மெட்டுக்குள் கிடந்த காற்றாலைக்காரன் பொண்டாட்டி எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

சாராயக் கடையில் இந்தப் பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் செருப்புக் காலால் இரண்டு தட்டு தட்டுவது வழக்கம். முதல் அடி முடிந்ததும் விலாங்கு விற்கும் பெண்கள் பக்கமிருந்து டொக் டொக். இரண்டாவது அடிக்குப் பாதிக் கோயில். மூன்றாவதற்கு முழுக் கோயில். குளிரில் கால் மரத்துப்போயிருந்த பெரிய சாமியார் சுற்றிலும் பார்த்தார், தானும் தட்டினார். டொக் டொக்.

பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். சூடுபட்ட அவர் விரல்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் இருந்தன.

"இருபது வருஷமா பூசை வெக்கிறேன். ஜனங்க இவ்வளவு முழிப்பா இருந்து பாத்ததில்ல. குளிருக்குக் காலைத் தட்டினாக்கூட பாட்டோட சேந்துல்ல தட்டினாங்க! வேலை உனக்குத்தான்பா."

லீவன் அவர் கையை முத்தமிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், போகலாம் என்று.

"அதுலயும் அந்த நடுக்குரல் மெட்டு இருக்கே, வானத்துச் சம்மனசே இறங்கிப் பாடின மாதிரி! மத்த மூணும் குறுக்க ஓடி இடைஞ்சல் பண்ணாம இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்."

லீவனுக்குக் காதுவரை சிவந்தது.

"சாமி, அந்த மெட்டு என்னோடதே இல்ல. அது காத்தாலைக்காரன் பொண்டாட்டி செருப்பைத் தொலைச்ச தெருப்பாட்டு. நான் எழுதினது அந்த மூணுதான்!"

எனக்குத் தோல் கொட்டகை வாடையே அடித்தது. சாமியார் விரல்களை மெதுவாக வெளியே எடுத்தார்.

"எங்க தொலைச்சா?"

நான்தான் சொன்னேன். "ஒரு சாமியார் வீட்டுல, சாமி."

"அந்த டொக் டொக்?"

"அது பாட்டுலயே இருக்கு, சாமி."

"நானும் தட்டினேனே."

"தாளம் தப்பலை, சாமி."

விரல்களை மறுபடி தண்ணீரில் விட்டார். லீவனை வெளியேற்ற வேண்டுமானால் குருக்கள் சபையில் காரணம் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் பதினொரு பேர் அவர் கால் தட்டியதைப் பார்த்திருந்தார்கள்.

"வேலையில சேந்துக்க. வெளிய ஒரு வார்த்தை வரக்கூடாது."

தெருவுக்கு வந்ததும் நான் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். லீவன் சிரிக்கவில்லை.

"இடைஞ்சலாம்! அந்த மூணு குரலுக்காக மூணு மாசம் தூங்கலைடா நான்."

"வேலைதான் கிடைச்சிருச்சே. வா, அப்பம் திங்கலாம்."

பதினாறு வருடத்தில் எத்தனையோ முறை அந்த 'இடைஞ்சல்' பேச்சை எடுத்தான். ஒவ்வொரு முறையும் நான் காலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி அவனைச் சீண்டினேன். அந்த மூன்று குரல்களும் மிக நன்றாக இருந்தன. அவற்றின் நடுவிலேயே நின்று கேட்டவன் நான். ஒருமுறையாவது அவனிடம் சொல்லியிருக்கலாம்.