நாற்பத்தொன்றாவது நிமிடம்

முத்துப்பேச்சி அன்றும் வந்துவிட்டாள். மாடிப்படி ஏறி வந்தவள் செருப்பைச் சுவரோரம் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஆச்சா தாயி?"

"இன்னும் இல்லம்மா. உள்ள வாங்க. ஏன் அங்கனயே நிக்கிறீக?"

"காலெல்லாம் மண்ணு."

முபீனா மறுபடியும் கூப்பிட்டாள். முத்துப்பேச்சி உள்ளே வந்து, நாற்காலியைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தாள். கண் நேரே கம்ப்யூட்டருக்குப் போனது. அதில் படம் எதுவும் இல்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் நின்றது. உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு வரி, அடியில் ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் மிக்சிங் புரோகிராம் பட்டென்று மூடிக்கொள்ளும். காலையிலிருந்து அது நாலாவது தடவை.

அது கம்பம் டவுனில் ஜேசுராஜ் வைத்திருந்த வீடியோ கடை. அவன் கேமராவோடு கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா என்று அலைவான். முபீனா கடையில் உட்கார்ந்து மிக்சிங் போடுவாள். கேமராவில் கேசட்டை ஓடவிட்டால் வயர் வழியாகப் படம் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறிய பிறகுதான் வெட்டுவதும் ஒட்டுவதும் பாட்டுச் சேர்ப்பதும். இந்தக் கேசட் ஏறவில்லை. வைகுண்டராஜ் வீட்டுக் கல்யாணத்தின் இரண்டாவது கேசட் அது. நாற்பத்தொன்றாவது நிமிடம் வரைக்கும் ஒழுங்காக வரும், அதோடு புரோகிராம் செத்துவிடும், கேமராவும் நின்றுவிடும்.

வைகுண்டராஜுக்குக் குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட். முத்துப்பேச்சியும் அவள் மகள் நாகஜோதியும் கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறிப் போய் அங்கே காய் எடுப்பவர்கள். ஆவணியில் முதலாளி மகள் கல்யாணம். வேலைக்கு வரும் பெண்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு சில்வர் குடம் வாங்கிக்கொண்டு கம்பத்து மண்டபத்துக்கு வந்தார்கள். மேடையில் வரிசையாக நின்றார்கள். வீடியோ லைட் முகத்தில் அடித்தது.

புரட்டாசியில் ஜீப் கவிழ்ந்தது. லோயர் கேம்ப்புக்கு மேலே, மலைப்பாதை வளைவில். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர். அன்றைக்கு முத்துப்பேச்சி காய்ச்சலில் படுத்திருந்தாள், போகவில்லை. செத்த நாலு பேரில் நாகஜோதி ஒருத்தி. பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் தலையைச் சுற்றித் துணி கட்டித்தான் கொடுத்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தது ஆறாம் வகுப்பில் எடுத்த பள்ளிக்கூட போட்டோ ஒன்றுதான். அதில் இருப்பது சின்னப்பிள்ளை.

முதல் நாள் வந்தபோதே முத்துப்பேச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அழவில்லை.

"கேசட்டெல்லாம் எனக்கு வேணாம் தாயி. எங்கிட்ட டிவியும் இல்ல. ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டுப் போயிர்றேன். லைட்டு அடிச்சப்ப அவ நேரா பாத்துச் சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன், மேளச் சத்தத்துல கேக்கல. எறங்குனப்புறம் என்னடி சொன்னேன்னு கேட்டேன். வீடியோ வரும்ல, அதுல கேட்டுக்கன்னு சிரிச்சா, சிறுக்கி."

ஜேசுராஜ் அன்றைக்குக் கடையில்தான் இருந்தான். "எடுத்திருப்போம்க்கா, இருக்கும்" என்று சொன்னான். எத்தனையோ கல்யாணம். யார் முகம் ஞாபகத்தில் நிற்கிறது?

அதிலிருந்து மூன்று நாளாக இந்தப் பாடு. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லையோ என்று பழைய கல்யாணங்களை அழித்துப் பார்த்தாள். வயரை மாற்றினாள். கேமராவுக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கோ என்று துடைக்கும் கேசட்டைப் போட்டு ஓட்டினாள். புரோகிராமையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அதற்கே பாதி நாள் போனது. எல்லாம் முடித்துவிட்டு மறுபடி ஓட்டினால், அதே நாற்பத்தொன்றாவது நிமிடம், அதே சாம்பல் கட்டம்.

"திருட்டு சிடியில போட்ட புரோகிராமு, இப்படித்தான் இருக்கும்" என்றான் ஜேசுராஜ்.

"மத்த கேசட்டெல்லாம் ஏறுதேண்ணே?"

"இது கெட்ட நேரம் புடிச்ச கேசட்டு."

"கேமராவ நேரா டிவியில மாட்டி ஓட்டிக் காட்டிருவமா? அந்தம்மா பாத்துட்டுப் போகட்டும். மிக்சிங்க அப்புறம் பாப்போம்."

"வேணாம் வேணாம். ஹெட்டுல சுத்திக்கிட்டு டேப்பு அந்துருச்சுன்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்வியா?"

"தொடச்சு வச்சிருக்கேன்ல?"

"சொன்னாக் கேளு முபீனா."

அவன் இப்படி முறைத்துப் பேசுகிறவன் இல்லை. ராயப்பன்பட்டிக்காரன். அவன் அம்மாவும் ஏலக்காய் எடுத்துத்தான் அவனைப் படிக்க வைத்தாள். இரண்டாவது நாளிலிருந்து, முத்துப்பேச்சி படியேறும் சத்தம் கேட்டால் போதும், பேட்டரி வாங்கணும், பில்லு குடுக்கணும் என்று ஏதாவது சொல்லிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தான். முபீனா அதைக் கவனித்திருந்தாள். ஆனால் அதையும் கேசட்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

நாலாவது நாளான இன்றும் முத்துப்பேச்சி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சாயங்காலம் வாரேன், கொஞ்சம் பாரு தாயி" என்று எழுந்து போனாள். அவள் இறங்கியதும் முபீனா தேனிக்குப் போன் போட்டாள். அவள் சித்தி மகள் நிலோபர் அங்கே ஒரு கடையில் மிக்சிங் போடுகிறாள்.

"மூணு நாளா கம்ப்யூட்டரையே அடிச்சுக்கிட்டு இருக்கியா? கேசட்டப் பாத்தியாடி?" என்றாள் நிலோபர்.

"கேசட்டுல என்ன?"

"நாப்பத்தொண்ணுல, மூலையில நேரம் காட்டுற கவுண்டர் ஒழுங்கா ஓடுதா, அறுந்து போகுதான்னு பாரு. எங்க கடையிலயும் கேமராக்காரரு ஒருத்தரு இருக்காரு. எடுத்துக்கிட்டு இருக்கும்போதே நடுவுல பழசத் திருப்பி ஓட்டிப் பாப்பாரு. பாத்துட்டு முன்னால ஓட்டுறப்ப, எடுத்து முடிச்ச எடத்தத் தாண்டி விட்டுருவாரு. தாண்டுன எடம் வெத்து டேப்பு. அதுக்கப்புறம் கவுண்டர் சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். புரோகிராமுக்குப் பைத்தியம் புடிச்சுரும். ரெண்டு துண்டா ஏத்து, ஏறிரும். இதுக்குப் போயி போன் காச வேற கரைக்கிற."

ஜேசுராஜ் கடையில் இல்லை. முபீனா கேமராவை டிவியில் மாட்டினாள்.

மேடை வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு இறங்கினார். மேடை ஓரத்தில் நாலைந்து பெண்கள் ஏறுவது பாதி தெரிந்தது. கழுத்துக்கு மேலே படத்தில் இல்லை. ஒரு சில்வர் குடமும் அதைத் தாங்கிப் பிடித்த ஒரு கையும் மட்டும் படத்துக்குள் வந்தன. பச்சை ரப்பர் வளையல், நகத்தில் ஏலக்காய்க் கறை. அதோடு திரை நீலமானது. வெறும் நீலம், பதினோரு விநாடி. பிறகு மூலையில் எண்கள் சைபரிலிருந்து ஓடத் தொடங்கின. பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஜிலேபி ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

முபீனா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேசட்டை இரண்டு துண்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். புரோகிராம் ஒரு தடவைகூட மூடவில்லை.

நாலு மணிக்கு ஜேசுராஜ் வந்தான்.

"ஏறிருச்சுண்ணே."

அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. லைட் ஸ்டாண்டை மூலையில் சாய்த்துவிட்டு நின்றான்.

"எல்லாமா?"

"இருந்ததெல்லாம் ஏறிருச்சு. நடுவுல பதினோரு செகண்டு நீலம். அந்த எடத்துல நீங்க திருப்பி ஓட்டிப் பாத்தீகளா?"

"தாலி கட்டுனப்ப எவனோ முதுகுல இடிச்சுட்டான். படம் ஆடிருக்கோன்னு பாத்தேன்."

"எப்ப பாத்தீக?"

அவன் லைட் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"அவுக மேடையில நிக்கிறப்பவா?"

"வெறும் லைட்டு போட்டேன்" என்றான்.

முபீனாவுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். கல்யாண வீட்டுக்காரருக்கு வேண்டாத கூட்டம் மேடையேறினால் லைட்டை மட்டும் போடுவார்கள். கேமராவும் கண்ணில்தான் இருக்கும், ஓடாது. நின்றவர்களும் திருப்தியாக இறங்குவார்கள், டேப்பும் மிச்சம். ஆள் பார்த்துச் செய்வார்கள். வைகுண்டராஜின் ஆட்களே காதில் வந்து சொல்லியிருப்பார்கள்: எஸ்டேட் வேலையாளுக, சும்மா லைட்டப் போட்டு அனுப்பு.

"மொத நாளே ஞாபகம் வந்துருச்சா?"

"அன்னைக்கு ராத்திரி. அந்தக்கா சில்வர் குடமுன்னு சொன்னத நெனச்சதும் வந்துருச்சு." கழுத்தைச் சொறிந்தான். "இந்த எழவு ஏறாம இருந்தாத் தேவலன்னு இருந்தேன். ஏறாத வரைக்கும் அது உள்ள இருக்குன்னு அந்தக்கா நெனச்சுக்கிட்டு இருக்கும்ல."

"நாலு நாளா என்னைய வயரு மாத்த விட்டீகளே அண்ணே."

வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை ஜேசுராஜ் பேட்டரி வாங்கப் போகவில்லை.

"ஆச்சா தாயி?"

முபீனா அவனைப் பார்த்தாள். அவன் ஓட்டு என்று தலையை ஆட்டினான். அவள் ஓட்டினாள்.

முத்துப்பேச்சி தரையில் உட்காரவில்லை. திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். திருநீறு பூசிய பெரியவர் இறங்கினார். குடம் வந்தது.

"அந்தா... அந்தா... அது எங்க குடம்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது அவ கையி."

நீலம் வந்தது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜிலேபி வந்தது.

"எங்க தாயி? இப்பத்தான வரணும்?"

முபீனா படத்தை நிறுத்தினாள்.

"கம்ப்யூட்டரு தின்னுருச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். முபீனா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லக்கா" என்றான் ஜேசுராஜ். "நான் எடுக்கல."

முத்துப்பேச்சி அவன் பக்கம் திரும்பினாள். "லைட்டு அடிச்சியே தம்பி?"

"லைட்டு மட்டுந்தான். கேமரா ஓடல."

"கேமரா உன் கண்ணுலதான இருந்துச்சு? நான் பாத்தேனே."

"இருந்துச்சுக்கா. அதுக்குள்ள தாலி கட்டுனதத் திருப்பி ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் அதை முழுதாக விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே ரோட்டில் ஒரு ஜீப்காரன் "குமுளி, குமுளி" என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப அவ பேசுனப்ப நீ அவளப் பாக்கவே இல்ல."

"இல்லக்கா."

"முந்துன நாளே தல குளிச்சா. பக்கத்து வீட்டுல சேல எரவ வாங்கிக் கட்டுனா. மஞ்சக் கலரு வீடியோவுல நல்லா விழும்னு எவளோ சொன்னாளாம்."

முபீனா படத்தைப் பின்னால் தள்ளி, குடம் வரும் இடத்தில் நிறுத்தினாள். தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். "அம்மா, இதப் படமா எடுத்துத் தாரேன். கை நல்லாத் தெரியுது. பெரிசாவே போட்டுத் தாரேன்."

முத்துப்பேச்சி கிட்டே போய்ப் பார்த்தாள். பச்சை வளையல் இருந்த இடத்தில், கண்ணாடித் திரை மேல் விரலை வைத்தாள்.

"வேணாம் தாயி. ஆஸ்பத்திரியில இந்தக் கையத்தான் காட்டுனாக. இதப் பாத்துத்தான் எம் மகதான்னு சொன்னேன். கையி எனக்கு நல்லாத் தெரியும். மூஞ்சிதான் மறந்துருமோன்னு பயமா இருக்கு."

ஜேசுராஜ் சுவரோடு ஒட்டி நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவள் அதை என்ன செய்வாள்?

போகத் திரும்பியவள் மூலையில் சாய்ந்திருந்த ஸ்டாண்டைப் பார்த்து நின்றாள்.

"அந்த லைட்டு இதானா?"

"ஆமாக்கா."

"போடு."

"எதுக்குக்கா..."

"போடு தம்பி."

அவன் ஸ்டாண்டை நிமிர்த்தி, வயரைச் செருகி, சுவிட்சைத் தட்டினான். சின்ன அறை முழுவதும் வெள்ளையானது. முத்துப்பேச்சி அதன் முன்னால் போய் நின்றாள். கண் தானாகச் சுருங்கியது. கையை நெற்றிக்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக் கீழே விட்டாள். அப்படியே நின்றாள். நரைத்த முடியும் வெடித்த உதடும் கன்னத்தில் காய்ந்த உப்பும் அந்த வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரிந்தன.

"இம்புட்டு சூடா அடிக்குது" என்றாள். "இதுக்குள்ள நின்னுக்கிட்டா சிரிச்சா?"

ஒரு அடி பின்னால் வந்தாள்.

"போதும், அமத்திரு. கரண்டு வீணாப் போகுது."

படியிறங்கும்போது செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் திரையில் குடமும் கையும் நின்ற இடத்திலேயே நின்றன. முபீனா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வைகுண்டராஜ் வீட்டு மிக்சிங்குக்காக வழக்கமாக வெட்டி எறிந்துவிடும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, வெட்டாமல் அப்படியே படத்தில் விட்டு வைத்தாள்.