படகோட்டி பாடியது ஏன்?

பரணிலிருந்து ஏணியின் கடைசிப் படிக்கு வருவதற்குள் தம்பி எட்டுத் தும்மல் போட்டுவிட்டான். கையில் அண்ணன் எழுதிய ருஷ்யச் சிறுகதை உரைநூல். அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் நோட்ஸ் வாத்தியார். அங்கே ஒருவர் கதை எழுதி மை காய்வதற்குள் இவர் இங்கே அதன் நீதியை எழுதிவிடுவாராம். அந்தக் குளிரில் மை காய நேரமாகும், ஆகவே நம்பத்தகுந்ததுதான்.

“இன்னைக்குத் தாண்டினா பெரிசு” என்று காலையில் டாக்டர், அண்ணியிடம் கிசுகிசுத்தது, காது மந்தமான வாத்தியாருக்குத் துல்லியமாகக் கேட்டுவிட்டது. அப்போதிருந்து அந்தப் புத்தகம் வேண்டுமென்று பிடிவாதம்.

“அறுபத்திரண்டாம் பக்கம். படி.”

தம்பி படித்தான். பனிப்பாளங்கள் மிதக்கும் ஆறு. படகில் விரிசல். படகோட்டி பாடத் தொடங்குகிறான். கதை அத்தோடு நின்றுவிடுகிறது. கீழே அண்ணனின் உரை: ‘படகோட்டி பாடியது ஏன்? மரணத்தை வென்ற மனத்துணிவே காரணம்.’

“நீ பரீட்சையில என்னடா எழுதினே?”

தம்பிக்குச் சுருக்கென்றது. அண்ணன் வகுப்பிலேயே இந்தக் கேள்விக்கு முட்டை வாங்கி, படிப்பை விட்டு, லிஃப்ட் மெக்கானிக் ஆனவன் அவன்.

“பயத்துல பாடினான்னு எழுதினேன்ணே.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அன்னிக்கு ஹால்ல ஒரே பயம். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

வாத்தியார் சிரிக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பதினெட்டு மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பழகியவன், இந்த இரண்டடிக் கட்டிலோரத்தில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குப் பயமா இருக்குடா. அப்ப நான் எழுதினது பொய்யா?”

“பொய்யில்லண்ணே. கொஞ்சம் சீக்கிரமா எழுதிட்டீங்க.”

“அவன் கரை சேர்ந்தானா?”

“சேர்ந்துட்டான்ணே.”

“எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?”

தம்பி முன்னும் பின்னும் புரட்டினான். இவரை ஏமாற்றிய மாணவன் அந்தப் பள்ளியில் ஒருவனும் கிடையாது.

“போடலண்ணே.”

“பேனா குடு.”

உரையின் வரியைக் கோணலாக அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினார்: ஐந்துக்கு மூன்று.

“மீதி ரெண்டு?”

“உன் கையெழுத்துக்குக் கழிச்சுட்டேன்.”

பேனா நழுவியது. வாத்தியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் உடும்புப்பிடி.

“போயிடாதேடா.”

“எங்கண்ணே போறேன்? காலையிலேருந்து பாத்ரூமுக்குக்கூடப் போகல.”

கோத்த கைகள் நடுங்கின. யாருடையது எவ்வளவு என்று பிரிக்க முடியாத நடுக்கம். சுவரில் வெயில் ஒரு சாண் நகர்ந்தது.

“தூங்கிட்டாரா?” சமையலறையிலிருந்து அண்ணி கேட்டாள்.

தம்பி குனிந்து பார்த்தான். கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அண்ணனுடையதை விரல் விரலாகப் பிரித்து, போர்வைமேல் வைத்தான்.

வைத்த இடத்தில் அது அசையாமல் கிடந்தது.