ஆயுதபூஜை அன்று சரிபார்த்த மேசை

மேசை உதறியதற்கு வினிதாதான் காரணமாம். மெமோவில் அப்படித்தான் இருந்தது: "அளவெடுக்கும்போது நான் மேசைமேல் சாய்ந்ததால் இருநூறு நல்ல வளையங்கள் கழிக்கப்பட்டன." கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டால் வேலை நிரந்தரமாகாது.

மைசூரில் பேரிங் வளையம் செய்யும் தொழிற்சாலை அது. அளவெடுக்கும் மேசைக்கு அடியில் ஸ்பிரிங்குகளும் சின்ன மோட்டார்களும் உண்டு. பக்கத்தில் இரும்பை இடிக்கும் பிரஸ் எந்திரங்களால் தரை அதிர்ந்தால் சென்சார் சொல்லும். மோட்டார் எதிர்ப்பக்கம் தள்ளி அதிர்வை அடக்கும். அமைத்தவர் இன்ஜினியர் உதயகுமார். அவர் வேலையில் தப்பு வருமா? தப்பெல்லாம் மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்த டிப்ளமோக்காரிக்குத்தானே வரும்!

"நான் சாயவே இல்லீங்க சார். பிரஸ் ஓடுனா உதறுது, நின்னா கம்முனு கிடக்குது" என்றாள் மேனேஜர் நஞ்சுண்டசாமியிடம்.

உதயகுமார் சிரித்தார். "டெஸ்ட் பண்ணினப்ப மேசையோட மீட்டர் முள்ளு அசையவே இல்லையேம்மா."

"ஆயுதபூஜை அன்னைக்குத்தானுங்களே பண்ணுனீங்க? அன்னைக்குப் பிரஸ் ஓடுச்சுங்களா?"

சிரிப்பு நின்றது. நல்ல நாள், உற்பத்தியும் கெடாது என்று, மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மோட்டாரின் கணக்கை அன்றே போட்டு முடித்திருந்தார் மனுஷர். பிரஸ்ஸெல்லாம் மாலையும் பொட்டுமாய் ஓய்வெடுத்த நாள்! கொஞ்சம் அசைந்தால் இளகிக்கொடுக்கும் ஸ்பிரிங், பலமாக அமுங்கினால் விறைத்துக்கொள்ளும். இளகிய ஸ்பிரிங்குக்குப் போட்ட கணக்கு, விறைத்த ஸ்பிரிங்கை நேரம் தப்பித் தள்ளியது. அடக்க வேண்டிய மோட்டாரே ஆட்டிவிட்டது. நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பிரஸ் இடித்துக்கொண்டிருக்கும்போதே வினிதா மோட்டார்களை அணைத்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். உதறிக்கொண்டிருந்த முள் மெல்ல அடங்கி, லேசான துடிப்போடு நின்றது.

மேனேஜர் நன்றாகவே பார்த்தார். "ஆய்து, சரி, ஆஃப்லயே இருக்கட்டும்" என்றார். பிறகு மெமோவை அவள் பக்கம் நகர்த்தினார். "இது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. ஃபைல் க்ளோஸ் ஆகணுமல்லா? ஹெட் ஆபீஸ்ல உதயகுமார் பேரு கெட்டுடும். உன் பேரை யாரு பாக்கப் போறாங்க?"

வினிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கண்ணால் பார்த்த பிறகும் கேட்கிறாரே! பேனாவை வாங்கி மெமோவிலிருந்ததைக் குறுக்கே அடித்தாள். அதன் கீழே, ஹெட் ஆபீஸில் எவரும் படிக்கும்படி, கன்னடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: "ஆயுதபூஜை அன்று எல்லாப் பிரஸ்ஸையும் நிறுத்திவிட்டு மேசையைச் சரிபார்த்தார்கள். மேனேஜரும் அங்கே இருந்தார்."

கோட்டின்மேல் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"கேட்டீங்களே, போட்டுட்டேனுங்க சார்."

நீட்டிய தாளை இருவரும் வாங்கவில்லை. ஹெட் ஆபீஸ் தபாலில் சேர்க்க அவளே எடுத்துப் போனாள்.