கானாவிலிருந்து வந்த காய்ச்சல்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் தாயூ கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். பெஞ்சே தடதடவென்று ஆடியது. பட்டுப்புழுக்களுக்கு இலை போட்ட கையோடு ஓடிவந்திருந்த அவன் மனைவி லியான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோவையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஆள் பிடித்துத் திருட்டுத்தனமாகக் கானாவுக்குத் தங்கம் தோண்ட அனுப்புகிறவன் மோ. பள்ளத்தில் மண் சரிந்தபோதுகூட எட்டிப் பார்க்காதவன், இன்று தன் காரிலேயே கூட்டி வந்து ஆரஞ்சு உரித்து ஊட்டுகிறான்.

"கானான்னு வாயத் தொறக்காத தங்கச்சி. நம்ம சீனாவுலயே, குவாங்தோங்ல கட்டட வேலைன்னு சொல்லு. இல்லேன்னா எல்லாரும் மாட்டிக்குவோம்."

"எல்லாருமா, நீங்களா?"

"சந்தேகம் புடிச்சவ!" மோ சிரித்தான். "அங்க என் மாத்திரைலதான இவன் எந்திரிச்சான்? இவன்கூட வந்த ஆபிங்குக்கும் காய்ச்சல். அவனுக்கும் அதையேதான் குடுத்திருக்கேன்."

அவன் நீட்டிய மாத்திரையை லியான் விரலால் நசுக்கினாள். மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பே இல்லை.

உள்ளே டாக்டரம்மா, "வெளியூர் எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டாள்.

"குவாங்தோங்," என்றான் தாயூ, பல் கிட்டிக்க.

"பொய்," என்றாள் லியான். "கானாவுல இருந்தாரு. சுரங்கத்துல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினாள். மலேரியாதான், அதுவும் முற்றியது. நர்ஸ் ஊசியோடு வந்ததும் லியான் குறுக்கே கை நீட்டினாள்.

"இதாவது நெசமான மருந்தா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. சீசாவைக் காட்டினாள். "ஆர்ட்டிசுனேட். நேரா ரத்தத்துல போகும். அப்புறம் மாத்திரை குடுப்போம். காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நடுவுல நிறுத்திடக் கூடாது. சரி, கூட வந்தவங்க யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

லியான் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் ஆரஞ்சுத் தோல்தான் கிடந்தது. மோவைக் காணோம்.

ஆபிங்கின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நீ கூப்புடுவேன்னு மோ இப்பதான் சொன்னாரு," என்றது எதிர்க்குரல். "எம்மவன் பொழப்பக் கெடுக்கப் பாக்குறியா?"

"அக்கா, அந்த மாத்திரை போலி. அவன உடனே கூட்டிட்டு வாங்க."

"மருந்து குடிச்சுட்டு நல்லாத் தூங்குறான். கூப்புட்டாக்கூட எந்திரிக்கல."

டாக்டரம்மா போனைப் பிடுங்கி ஊரைக் கேட்டாள். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் தாயூவுக்கு வேர்த்துக் கொட்டியது. கண் திறந்து கஞ்சி கேட்டான். லியான் கிண்ணத்தோடு படியிறங்கியபோது ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. சத்தமில்லை. வாசலில் நின்றும் யாரும் அவசரமாகக் கதவைத் திறக்கவில்லை.

பின்னாலேயே வந்த காரிலிருந்து ஆபிங்கின் அம்மா இறங்கினாள். வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்தபடி மோ நடந்தான். குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். அழுதபடியே அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.