வாய் மூடாத புத்தகம்

உசேன் பர்மாவிலிருந்து உயிரோடு திரும்பித் தன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே உசேன் பேசிக்கொண்டிருந்தான். 1943 ஜனவரி மாதம், வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஆட்கள் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம். வாசலில் நின்றவனுக்குத் தன் குரல் உடனே அடையாளம் தெரிந்தது. ஆட்டுக்கறியை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும், நெய் எந்தப் பதத்தில் காயும்போது பட்டை கிராம்பைப் போட வேண்டும் என்று அது அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே மனைவி ஷம்ஷாத் சிரிக்கிற சத்தமும் வந்தது. காடும் மலையும் ஆஸ்பத்திரியுமாக ஒரு வருஷம் அலைந்துவிட்டு வந்தவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. தன் வீட்டுக்குள் ஓர் ஆண்குரல் கேட்டால் எவனுக்கும் வயிறு எரியும், அது தன்னுடைய குரலாகவே இருந்தாலும்.

பேசியது புத்தகம். தண்டையார்பேட்டை கிடங்குகளுக்கு நடுவே, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில், அத்தாவுல்லா ஒரு பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அதற்கு முந்தின ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, இத்தனை புத்தகத்தை எந்த வண்டியில் ஏற்றுவது என்று யோசித்தே அவர் ஓடாமல் இருந்துவிட்டார். அந்த வாரம்தான் புத்தகங்கள் பேச ஆரம்பித்தன. கடையில் திறந்தால் பேசாது. வாடகைக்கு எடுத்துப்போய் வீட்டில் திறந்து வைத்தால், அந்த வீட்டில் யார் இல்லையோ அவருடைய குரலில், அச்சில் உள்ளதை வரி பிசகாமல் படிக்கும். கேட்பவருக்கு எழுத்துத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. ஏன் இப்படி என்று கேட்டவர்கள் உண்டு, பதில் சொன்னவர் யாரும் இல்லை. பேட்டையில் பாதி வீட்டு ஆண்கள் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பட்டாளத்திலும் கிடந்தார்கள். கடிதம் கிடையாது. ரேஷன் அரிசியில் பாதி கல். அந்த நிலைமையில் காரணமா முக்கியம்?

இன்ன புத்தகம் வேண்டும் என்று கேட்க வழியில்லை, இருப்பதைத்தான் கொடுப்பார். ராயபுரம் அடைக்கலமேரிக்கு மாட்டு வைத்தியப் புத்தகம் கிடைத்தது. கப்பலோடு போன அவள் மகன் தினமும் மாலையில் காளைக்குக் குளம்புப் புண் வந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குச் சொன்னான். அவள் அழுதுகொண்டே கேட்டாள். ஆறு மாதத்தில் கட்டைவண்டிக்காரர்கள் எல்லாரும் நோய்ப்பட்ட மாட்டை அவள் வாசலுக்கு ஓட்டி வந்தார்கள். ஷம்ஷாத் கோஷா பெண், கடைத்தெருவுக்குப் போகமாட்டாள். மீன் விற்க வரும் குப்பம்மாதான் கூடையின் மேல்தட்டில் புத்தகங்களை ஓலைப்பாயில் சுருட்டி வைத்து வீடு வீடாகக் கொண்டுவருவாள். முன்பக்கம் கிழிந்த ஒரு சமையல் புத்தகம் ஷம்ஷாத்துக்கு வாய்த்தது. சோளக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவள் புருஷன் குரலில் பிரியாணி கேட்டாள், வயிறு நிறைந்தது.

ஆள் திரும்பி வந்துவிட்டால் புத்தகம் தானாக வாயை மூடிக்கொள்ளும். அதைத் துணியில் சுற்றி, மேலே ஒரு கைப்பிடி வெல்லம் வைத்துக் கடையில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். கடையில் நிற்பவர்களுக்கெல்லாம் அத்தாவுல்லா அந்த வெல்லத்தைக் கிள்ளிக் கொடுப்பார். உசேனுக்கு முன்னால் ஐந்து பேர் திரும்பியிருந்தார்கள். ஐந்து புத்தகமும், ஆள் நிலைப்படியைத் தாண்டிய நிமிஷத்தில் நின்றுபோயின. உசேன் நிலைப்படியைத் தாண்டினான். ஷம்ஷாத் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்தில், பலகையின் மேல் விரித்து வைத்திருந்த புத்தகம், வெங்காயம் பொன்னிறமானதும் கறியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி மேலே படித்துக்கொண்டே போனது.

தெருவுக்கு இது தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. வெல்லத்துக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தாளவில்லை. குப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேட்டையின் தீர்ப்பைச் சொன்னாள். "ஆளு வந்துட்டாரு பாயம்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னும் முழுசா வர்ல. புக்கு பொய் சொல்லுமா இன்னா?"

உசேனுக்குக் கேட்டது. பதில் சொல்ல அவனுக்குக் குரல் இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் ஜவுளிக் கடையில் நின்றவன் அவன். லுங்கியைத் தொட்டுப் பார்க்காமல் அவன் பேச்சைக் கேட்டே வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள். காட்டு வழியில் வரும்போது கூட வேலை பார்த்த மஜீது பேதி கண்டு ஒரு திருப்பத்தில் படுத்துவிட்டான். தூக்கக் கை கொடுங்கள் என்று போகிறவர்களையெல்லாம் பார்த்து உசேன் இரண்டு நாள் கத்தினான். அவரவர் உயிர் அவரவருக்கு, யாரும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மஜீதும் இல்லை, குரலும் இல்லை. இப்போது அவன் வாயைத் திறந்தால் ஈர மரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம் வந்தது. இதை அவன் ஷம்ஷாத்திடம் சொல்லவில்லை. மஜீது பேரைக்கூட எடுக்கவில்லை.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பகல் காவலுக்குச் சேர்ந்தான். வேலை முடிந்து அவன் வருகிற நேரத்தில் ஷம்ஷாத் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அதைத் திறப்பதற்கு முன்னால் அவள் முகம் கழுவி, கண்ணுக்குச் சுர்மா இட்டு, முக்காட்டைச் சரிசெய்வதை அவன் ஒரு நாள் பார்த்துவிட்டான். அவனுக்குச் சோறு போடும்போது அந்தச் சுர்மா கலைந்து போயிருக்கும். பொறாமை என்பது சின்ன விஷயத்தில்தான் பிடித்துக்கொள்கிறது. புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு அடியிலிருந்து, தயிர் புளிக்காமல் இருக்க வேண்டும் என்று குரல் வந்தது.

"அவன மூடு," என்றான்.

"அவனா? அது நீங்கதானங்க," என்றாள் ஷம்ஷாத். "நீங்க வந்தது எனக்கு சந்தோசம்தான். அது நிறுத்தலியே, நா இன்னா பண்ண?"

அவள் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் பொறுக்க முடியவில்லை. வேறொருவன் என்றால் நாலு பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்கலாம், சட்டையைப் பிடிக்கலாம். இவன் தன்னைவிட இளையவன், பசி அறியாதவன், யாரையும் வழியில் விட்டுவிட்டு வராதவன். உசேன் அந்த உசேனைப் போல யாரையும் வெறுத்ததில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக் காசிமேட்டுக் கரைக்குப் போனான். கட்டுமரக்காரர் சுப்புராயனிடம் கொடுத்து, கல்லைக் கட்டி அலைக்கு அப்பால் போடச் சொன்னான். அவரும் எதற்கு என்று கேட்காமல் போட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் கடல் உசேனின் குரலில் பேசியது. சமையல் புத்தகத்தில் மீன் வறுவல் அத்தியாயம் நடுவில் வருகிறது. தங்களை எப்படி மசாலா தடவி எவ்வளவு எண்ணெயில் பொரிப்பது என்பதைக் கேட்க வவ்வால் மீனும் கானாங்கெளுத்தியும் கூட்டம் கூட்டமாக வந்து நின்றன. குப்பத்தில் அவ்வளவு மீன்பாடு அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஆனால் கட்டுமரம் ஏறிப் போனவர்கள் கதை கேட்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் கரைக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் உசேனைத் திட்டினார்கள்.

விஷயம் குப்பம்மாவின் கூடையோடு ஷம்ஷாத்திடம் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருமுனையைத் தாண்டாதவள், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் கடற்கரைக்கு நடந்தாள். அலை காலை நனைக்க, காற்று குரலைக் கொண்டுவரும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அஸர் தொழுகை வரை நின்றாள். ஊரே பார்த்தது. உசேனும் கிடங்குச் சுவரின் பின்னாலிருந்து பார்த்தான். வீட்டுக்குள் இருந்தவனைத் துரத்திக் கடல் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. நாலு வாரம் அவள் தினமும் போனாள். ஐந்தாவது வாரம் சுப்புராயன் வலையில் மாட்டியிருந்த புத்தகத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "மீனுன்னா நாங்களே வச்சிக்குவோம் பாய். இது உங்க வூட்டு ஆளு," என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தாள் உப்பியிருந்தது. குரல் அப்படியே இருந்தது.

அன்று உசேன் கடையையே கொளுத்திவிடுவது என்று முடிவு செய்தான். அந்தக் கடை போனால் வாடகைக்குப் போன புத்தகங்களும் ஊமையாகி அறுபது வீட்டில் குரல் போகும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் போனான், தன் வீட்டில் நிம்மதி இல்லாதபோது அடைக்கலமேரிக்கு மட்டும் என்ன நிம்மதி என்று. பாட்டிலில் மண்ணெண்ணெயும் மடியில் தீப்பெட்டியுமாக, மதியம் ஆளில்லாத நேரம் பார்த்துக் கடை முன்னால் நின்றான். அத்தாவுல்லா பாட்டிலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

"கிருஷ்ணாயிலு கெடைக்காம நா நாலு நாளா இருட்டுல குந்திகினு கீறேன். கரெக்டா கொண்டாந்துகீறியே மாமு," என்று சொல்லி, கையை நீட்டிப் பாட்டிலை வாங்கி, கடை விளக்கில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டார். அவர் புரிந்து செய்தாரா, புரியாமல் செய்தாரா என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது. வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறபோது ஒரு புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார். "இத்தையும் எடுத்துகினு போ. வூட்ல அவங்களுக்கு ஒண்ணு கீது. உனுக்கு?"

அது ரயில் நேர அட்டவணை. உசேன் அதை மூன்று நாள் திறக்கவில்லை. திறந்தால் மஜீது பேசுவான் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, என்னை ஏன்டா விட்டுட்டுப் போனே என்று கேட்காமல் ஜோலார்பேட்டை வண்டியின் நேரத்தை மட்டும் சொன்னாலும் அதை எப்படித் தாங்குவது என்று பயந்தான். நான்காம் நாள், வருவது வரட்டும் என்று, ஷம்ஷாத் அடுப்படியில் இருக்கும்போது திறந்தான். பேசியது ஷம்ஷாத். கல்யாணமான புதிதில் இருந்த ஷம்ஷாத். பத்தொன்பது வயசு. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லி, பாதியில் தானே சிரித்தாள். அவள் இப்போதும் சிரிப்பாள், ஆனால் அவன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறின நாளிலிருந்து அந்தச் சிரிப்பை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, தாடி நனைய அழுதான்.

அடுப்படியிலிருந்து ஷம்ஷாத் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாரு அவ?"

"நீதான்."

"நா இப்டி சிரிக்கமாட்டேன்."

"சிரிச்ச."

அவள் முகம் கறுத்துப்போனது. இரண்டு நாள், அவன் சுர்மா இட்டுக்கொண்டு அட்டவணை முன்னால் உட்காருகிறானா என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் தன் சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்து வேண்டுமென்றே அவன் பக்கத்தில் தடாலென்று விரித்தாள். அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. இரண்டு குரலும் அவரவர் வரியை நிறுத்தின. அட்டவணை, எட்டேகால் வண்டியைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம் என்றது. சமையல் புத்தகம், வழிக்குப் புளிச்சோறும் வறுத்த கறியும் கட்டிக்கொள்ளலாம், இரண்டு நாள் கெடாது என்றது. இரண்டும் சேர்ந்து சிரித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரையும் அவை கண்டுகொள்ளவே இல்லை.

உசேனும் ஷம்ஷாத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன்னை விட்டுவிட்டு இன்னொருத்தி சிரிக்கிறாள் என்று அவளுக்கும், தன்னை விட்டுவிட்டு இன்னொருவன் பேசுகிறான் என்று அவனுக்கும் எரிந்த வயிறு, அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றாக எரிந்தது. ஒரே ஜோடி மேல் பொறாமைப்படுகிறவர்களுக்குள் ஒரு சிநேகிதம் உண்டு. அன்று ராத்திரி அவன் அந்த ரம்பக் குரலிலேயே மஜீதைப் பற்றி அவளிடம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள், புத்தகத்தைக் கேட்பதைவிடக் கவனமாக.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. சண்டை முடிந்தது. சுதந்திரம் வந்தது, ரேஷன் போய் மறுபடி வந்தது. அடைக்கலமேரியின் மகன் திரும்பி வந்து மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் விழித்தான். அத்தாவுல்லா கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உசேன் வீட்டிலிருந்து மட்டும் வெல்லம் வரவில்லை, யாரும் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். இரண்டு புத்தகமும் ஒரே பலகையில் விரிந்து கிடந்தன. கூடூர், காட்பாடி, அதற்கும் அப்பால் என்று அந்த இரண்டு குரலும் போகாத ஊர் இல்லை. கிளம்பிய அன்று வீட்டில் சத்தமே இருக்காது, திரும்பிய அன்று நிலக்கரிப் புகை வாசம் அடிக்கும்.

1951 பிப்ரவரியில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். பேட்டைக்காரர், அத்தாவுல்லா கடையில் கணக்குப் பாடப் புத்தகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருப்பவர். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் இருந்து ஷம்ஷாத் நாலு பேர் என்றாள். உசேன் மறுக்கவில்லை. வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டுக்கொண்டே பென்சிலை நாக்கில் தொட்டார்.

"ஊருக்குப் போய்கிறாங்க. காலைல எட்டேகால் வண்டிக்கு," என்றாள் ஷம்ஷாத். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எங்கள இட்டுகினு போவல," என்றாள்.

வாத்தியார் நாலு என்று எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டில் ஏழு.