நாகராசுவின் சிவப்புக் கண்ணாடி

கறம்பக்குடிக் கடைவீதியில் நாகராசு ஸ்டுடியோ என்றால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி. எவ்வளவு கறுத்த பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் படத்தில் வெளுப்பாக எடுத்துக் கொடுத்துவிடுவான். சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. காமிராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடி. அதை மாட்டினால் பருவும் தழும்பும் போன இடம் தெரியாது, முகம் பளிச்சென்று வரும். மனைவி ராசாத்தியைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் பிழைப்பில் மண்தான்.

குழந்தைசாமியின் மகள் செவந்தி, தாயில்லாத பெண். குளத்தூர்ப் பக்கம் நல்லதம்பிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் அறுப்பு முடிந்த கையோடு, முதுகு நிறைய அடி வாங்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நல்லதம்பி சும்மா இருப்பானா? பெண்டாட்டியை அனுப்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்று ஆள்விட்டுச் சொன்னான். "அடித்ததற்கு அத்தாட்சி வேண்டும், காயத்தைப் படம் பிடித்து வையுங்கள்" என்றார் குழந்தைசாமியின் வக்கீல்.

ஸ்டுடியோவில் ராசாத்திதான் செவந்தியின் ரவிக்கையை நெகிழ்த்தி, மற்றதைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு வாரால் அடித்த அடி தடம் தடமாகக் கன்றிச் சிவந்திருந்தது. நாகராசு ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். பெண்பிள்ளை முதுகு, நாலு ஆம்பிளைகள் பார்க்கப்போகிற படம், அலங்கோலமாகவா எடுப்பது என்று ஒரு நினைப்பு. கை தன் பாட்டுக்குச் சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டியது. அட பாவி மனுஷா, காயத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் காயத்தை மறைக்கிற கண்ணாடியை யாராவது மாட்டுவார்களா? இவன் மாட்டினான்.

படத்தைக் கழுவும்போதே தெரிந்துவிட்டது. முதுகு துலக்கி வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. அப்போதே கூப்பிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், கண்ணாடி விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, படத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டான். குழந்தைசாமி உறையைப் பிரிக்கவே இல்லை. வளர்ந்த மகளின் முதுகைத் தகப்பன் பார்ப்பதாவது என்று அப்படியே வக்கீலிடம் சேர்த்தார். நல்லதம்பி வழக்குப் போட்ட பிறகுதான் வக்கீல் அதைப் பிரித்தார். அதற்குள் காயமெல்லாம் ஆறி மறைந்துபோயிருந்தது.

குழந்தைசாமி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"ஏப்பா நாகராசு, படத்துல ஒண்ணுமே இல்லைன்னுட்டாருப்பா வக்கீலு. எம் மக பொய்யா சொல்லியிருக்கா?"

நாகராசு காமிராவைத் துடைக்கத் தொடங்கினான். "இருக்கறதத்தாண்ணே படம் காட்டும்" என்றான்.

"அப்பச் சரி. வாய்தாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, அங்கனயே அவங்கிட்ட விட்டுட்டு வந்துர்றேன்."

அவர் தெருவில் இறங்கியதும் ராசாத்தி உள்ளேயிருந்து வந்தாள். "துண்டப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நானு. எங் கண்ணு பொய்யா? அந்தப் புள்ளைய அடிக்கிறவங்கிட்ட அனுப்பிட்டு நீங்க சோறு திங்கப் போறீங்களா?"

அவனால் திங்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் அந்த முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. மறுநாள் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய், தோல் வியாதி பார்க்கிற டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அந்த அம்மா திட்டவில்லை. படை, தேமல் பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டினார்.

"மேல ஆறினாலும் தோலுக்கடியில தடம் சில சமயம் மாசக்கணக்கா நிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்த வெளிச்சத்துல, காமிரா முன்னால இந்தக் கருநீலக் கண்ணாடியை வச்சு எடுத்தா விழலாம். பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

ராசாத்தி குழந்தைசாமியிடம் மன்றாடி, செவந்தியைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். சன்னலை அடைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள். நாகராசு காமிராவைச் சரிபார்த்தபடி, "எதுக்குத்தா அடிச்சாரு?" என்று கேட்டான்.

செவந்தி திரும்பாமலே சொன்னாள். "போட்டோவுல இருந்தவ எங்கடின்னு கேட்டுக் கேட்டு அடிப்பாருண்ணே. செவத்த பொண்ணக் காட்டிக் கருப்பியத் தலையில கட்டிட்டாங்களாம். நீங்க எடுத்த போட்டோதான். இன்னும் செவுத்துல மாட்டியிருக்கு."

அடித்தது நல்லதம்பி, வாரை எடுத்துக் கொடுத்தது நானல்லவா என்று நாகராசு நினைத்துக்கொண்டான். "மூச்சப் பிடிச்சுக்க தாயி" என்று சொல்லிவிட்டுக் கருநீலக் கண்ணாடியை மாட்டினான்.

படம் விழுந்தது. கறுத்த முதுகில் அதைவிடக் கறுப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக வாரின் தடம். கொக்கி பட்ட இடம்கூடத் தெரிந்தது.

வாய்தா அன்று நாகராசு சாட்சிக் கூண்டில் ஏறினான். கோர்ட்டில் சேர்த்திருந்த இரண்டு படத்தையும் நல்லதம்பியின் வக்கீல் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் நீர் எடுத்ததுதான். எது பொய்?"

கறம்பக்குடி ஆட்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் அவனிடம் மகளைப் படம் எடுத்தவர்கள். நாகராசு சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்துக் கூண்டின் மேல் வைத்தான்.

"மொதப் படம் பொய்யிங்க. இதப் போட்டு எடுத்தேன். இந்தப் புள்ளைய மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுன படமும் பொய்யிங்க. நான் எடுத்த பொண்ணுக படம் அம்புட்டும் பொய்யிங்க."

பெஞ்சில் சலசலப்பு எழுந்தது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டாக்டரம்மா கூண்டேறி விளக்கைப் பற்றி விவரமாகச் சொன்னார். செவந்தி புருஷன் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை என்று அந்த மாதக் கடைசியில் தீர்ப்பானது. சிவப்புக் கண்ணாடி கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. நாகராசு திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்கு இனி வேலையில்லை. ஸ்டுடியோவுக்கு யாரும் வருவதில்லை.

தீர்ப்பன்று கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஊதா விளக்கில் எடுத்த படத்தின் மறு பிரதி ஒன்றை அவன் உறையில் போட்டுக் குழந்தைசாமியிடம் கொடுத்தான். இந்தத் தடவை அவர் உறையைப் பிரித்தார். பார்த்தார். மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அங்கிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

செவந்தி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நாகராசு காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இதுலதாண்ணே நான் என் நெறத்துல இருக்கேன்" என்றாள்.