பேரிங் போன மெஷினின் விலை

அந்தப் பகுதியில் எல்லோரும் அவளை ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷமாக வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் பழுது பார்க்கிறவள். யாராவது பழைய மெஷினை விற்பதானாலும் வாங்குவதானாலும் முதலில் அவளிடம்தான் காட்டுவார்கள். அவள் பிரித்துப் பார்த்து, என்ன குறை, என்ன விலை பெறும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அதற்குப் பிறகு யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

ஆனால் அவள் வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. குளியலறைக்குள் ஒரு வாளி வந்தால் ஆள் வெளியே வர வேண்டும். மெஷினை எங்கே வைப்பது? நகரப் பேருந்து ஓட்டும் கணவனின் சீருடை, அவளுடைய கிரீஸ் பட்ட சட்டை எல்லாவற்றையும் மாமியார்தான் கையால் துவைத்தாள். துவைக்கும்போது மருமகளின் தொழிலைப் பற்றி ஏதாவது முணுமுணுக்காமல் இருந்ததில்லை.

ஒருவழியாக அவர்கள் சொந்த வீடு பார்த்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், மகளோடு போய் இருக்கப் போவதால் தன் இரண்டு படுக்கையறை வீட்டை விற்றார். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, அடுப்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. மொத்தத்துக்கும் ஒரே விலை. வங்கிக் கடன் கிடைத்தது. கையில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தபோது, புது ஃபிரிட்ஜும் புது மெஷினும் வாங்குகிற அளவுக்கு மிஞ்சும் போலத் தெரிந்தது. பத்திரப் பதிவுக்குக் கட்ட வேண்டிய முத்திரை வரி எவ்வளவு என்று வீட்டுப் புரோக்கர் சொல்கிற வரைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தொகையைக் கேட்டதும் டிரைவர் கணவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். புரோக்கர் சிரித்தார்.

"எதுக்கு சார் மூஞ்சி தொங்குது? வரி வீட்டுக்குத்தான். உள்ள இருக்கிற சாமானுக்குக் கிடையாது. ஃபிரிட்ஜ், மெஷின், ஏசி எல்லாத்தையும் தனி லிஸ்ட்டா போட்டு நல்ல கனமா ஒரு விலை எழுதிடுவோம். அந்த அளவுக்கு வீட்டு விலை குறையும், வரியும் குறையும். மிச்சப்படுறதுல ரெண்டு புது சாமான் வாங்கிடலாம்."

"கனமான்னா எவ்வளவு?" என்று கேட்டாள் ஸ்பேனர் அக்கா.

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இந்த விலைக்கு நான் கடையே வெச்சிடுவேனே!"

"எல்லாரும் செய்றதுதான் மேடம். யாரு வந்து பிரிச்சுப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்" என்றாள் அவள்.

அன்று இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். "ரெண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கலாம்னு சொன்னியே. இப்ப வலிய வந்த வாய்ப்பை வேணாம்ங்கிறியா?"

டிரைவரும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஊர்ல எல்லாரும் செய்றாங்களாம். நாம மட்டும் ஏன்..."

"ஏங்க, நூறு வீட்ல என் சீட்டை நம்பிப் பழைய மெஷின் வாங்கியிருக்காங்க. ஒருத்தராவது அக்கா ஏமாத்திட்டான்னு சொல்லியிருக்காங்களா? நாளைக்கு என் சொந்த வீட்டுப் பத்திரத்தோட ஒரு பொய் லிஸ்ட் இருக்கும். அதுல என் கையெழுத்தும் இருக்கும். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட அடுத்த வீட்ல போய் விலை சொல்றது?"

டிரைவர் கை கழுவ எழுந்தான். மாமியாரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆனால் பாத்திரம் கழுவிய சத்தத்தில் கோபம் தெரிந்தது.

மறுநாள் ஸ்பேனர் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் போய்விட்டது. கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட்டை மீட்டரில் பார்த்தாள், அது சரியாக இருந்தது. வாஷிங் மெஷின் டிரம்மைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். கரகரவென்று மணலை அரைப்பது போன்ற சத்தம். டிரம்மைத் தாங்கும் பேரிங் போய்விட்டது. ஏசி குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவியதும் சின்னதாக ஒரு குமிழி எழும்பியது. கேஸ் கசிகிறது.

எழுதி முடித்து டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"உனக்குத்தானேம்மா வரி கூடும்?"

"ஆமா டீச்சர்."

"அந்தப் புரோக்கர் லிஸ்ட்ல கையெழுத்துப் போடச் சொன்னப்ப எனக்கு அருவருப்பா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன்." அவர் உடனே பேனாவை எடுத்து அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம். மதிப்பீட்டு அதிகாரி மேஜையில் கோப்புகள் கழுத்து வரை இருந்தன. பக்கத்தில் கூரையோடு ஒட்டிய ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே ஒரு வாளி பாதி நிறைந்திருந்தது. புரோக்கர் தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றார்.

அதிகாரி சாமான் பட்டியலைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டார். அந்த மாதிரிப் பட்டியலை அன்றைக்கு எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறாரோ! பிறகு அவருடைய புருவம் மேலே போனது. வாய்விட்டே படித்தார்.

"வாஷிங் மெஷின், வயசு ஒன்பது. பேரிங் போய்விட்டது. டிரம், மோட்டார் நல்ல நிலை. ஃபிரிட்ஜ், வயசு பன்னிரண்டு. கதவு ரப்பர் மாற்ற வேண்டும். ஏசியும் அடுப்பும் சுவரோடும் மேடையோடும் பொருத்தியிருப்பதால் வீட்டோடு சேர்ந்தவை, தனி விலை இல்லை..." நிமிர்ந்தார். "யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"நீங்க வாங்கறவங்கதானே?"

"ஆமா சார்."

"இந்த நாற்காலியில இருபது வருஷமா இருக்கேம்மா. ஓட்டை விசிறியைக் கப்பல் விலைக்கு எழுதிட்டு வருவாங்க. தானே குறை எழுதி, தானே விலையைக் குறைச்சு, தானே வரியைக் கூட்டிக்கிட்டு வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தொழில் சார்."

அவர் ஒரு நொடி யோசித்தார். பேனாவால் தலைக்கு மேலே காட்டினார். "அப்போ இதுல என்ன கோளாறு, சொல்லுங்க பார்ப்போம். ஆறு மாசமா வாளி வெச்சிருக்கோம்."

அவள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய், வெளியே தொங்கிய குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "இதுல கோளாறே இல்ல சார். தண்ணி வெளிய போற பைப்ல அழுக்கு அடைச்சிருக்கு." கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து ஒரு கைப்பம்பை எடுத்துக் குழாயின் நுனியில் வைத்து நாலு தடவை உறிஞ்சி இழுத்தாள். கறுப்பாக ஒரு கட்டி வெளியே விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் சளசளவென்று தெருவில் கொட்டியது. அலுவலகம் முழுக்க எழுந்து பார்த்தது. வாளிக்குள் கடைசியாக ஒரு சொட்டு விழுந்தது. அதோடு நின்றது.

அதிகாரி பட்டியலில் முத்திரை குத்தினார். "இதுக்கு நேர்ல வந்து பாக்க வேண்டியதில்ல." பிறகு கண்ணாடிக்கு மேலாகப் புரோக்கரைப் பார்த்தார். "உங்களோட இன்னொரு கோப்பு இருக்கே, அதுக்கு நான் நேர்ல வரேன்."

புரோக்கர் முகம் வெளுத்தது. டிரைவர் முழு வரியையும் கட்டிவிட்டு ரசீதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கையிருப்பு சுத்தமாகத் துடைத்துவிட்டது போல் ஆகியிருந்தது. அவனுக்கு அது உறைக்கவே இல்லை. "ஓட்டை விசிறி, கப்பல் விலை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வாஷிங் மெஷினைப் பிரித்தாள். உதவிக்கு அவன் உட்கார்ந்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் மனைவி வேலை செய்வதை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காலையில் பெட்டியோடு போவாள், மாலையில் கிரீஸோடு வருவாள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

மேல்மூடி, முன்பக்கம், பெல்ட், மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. எந்த ஸ்க்ரூ எங்கேயிருந்து வந்தது என்று அவள் குறித்துக்கொள்ளவே இல்லை. தரையில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். தொட்டியை இரண்டாகப் பிளந்து, துருப்பிடித்த பேரிங்கின் ஓரத்தில் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் ஒரே அளவில் தட்டினாள். இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். டக்கென்று பேரிங் கழன்று அவன் காலடியில் உருண்டது.

"கைல வலி இல்லையா?" என்று கேட்டான்.

"பழகிடுச்சு. அந்த டிரம்மைத் தூக்குங்க. இல்ல, அப்படி இல்ல, இடுப்புல வாங்கித் தூக்குங்க."

அவன் தூக்கினான். வியர்த்துக் கொட்டியது. இந்தக் கனத்தை இவள் தினமும் தனியாகத் தூக்குகிறாள் என்பது அப்போதுதான் அவன் தோளில் ஏறியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ வேலையைப் பாரு."

புது பேரிங்கும் சீலும் உட்கார்ந்தன. மெஷின் மூடியானதும் டிரம்மைச் சுற்றிவிட்டாள். சத்தமே இல்லை. மாமியார் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். ஒரு மோடாவை இழுத்துப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, துணி சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஐம்பது நிமிஷம் எழுந்திருக்கவில்லை. நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது. "இப்ப பேச முடியாதுடி. என் மருமக ஒரு மெஷினோட குடலையே பிடுங்கிப் போட்டுத் திரும்பத் தெச்சு உயிர் குடுத்திருக்கா. ஆமா, அவளேதான். கடையில வாங்கினதெல்லாம் இது பக்கத்துல நிக்க முடியுமா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மட்டும் மாற்றினார்கள். ரெண்டு கதவு பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் டிப்போவில் டீ குடிக்கும்போது ஒரு கண்டக்டர் புது வாஷிங் மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னார். எந்தக் கம்பெனி நல்லது, மேலே திறப்பதா முன்னால் திறப்பதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. வீட்ல எத்தனை பேரு, தண்ணி உப்பா, எந்த மாடி, இந்த மூணையும் சொல்லு. சாயங்காலம் என் வீட்டம்மா கைப்பட எழுதின சீட்டு கொண்டு வந்து தரேன். அதை எடுத்துட்டுக் கடைக்குப் போ. கடைக்காரனே எழுந்து நிப்பான்."